ஒருவருக்கு மட்டும் இடம்

(கால்பந்து ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போர்ச்சுகல் கால்பந்தைப் பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டால் அவர் ரொனால்டோவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். பின்வரிசையில் ஜெர்சியோடு வந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்தாலே அது தெரிகிறது. அவரைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அந்த ரொனால்டோ 25-ஆவது நிமிடத்தில் காயத்தோடு வெளியேறிய ஓர் இறுதி ஆட்டத்தில், கடைசி விசில் வரைக்கும் ஒரு கோலும் விடாமல் நின்றவர் ஒருவர் இருக்கிறார். ரூயி பத்ரீசியோ. கோல்கீப்பர். அவருடைய ஆட்ட வாழ்க்கைதான் இன்றைக்கு என் பொருள்.

கோல்கீப்பர் என்றதும் பாய்ச்சலையும் கைவீச்சையும் பேசுவது வழக்கம். நான் இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஓர் அணியில் பதினோரு பேர். முன்களத்தில் ஆடுகிறவருக்கு அங்கே இடமில்லை என்றால் ஓரத்துக்கு நகர்த்தலாம். நடுக்களத்துக்காரரைப் பின்னுக்கு இழுக்கலாம். கடைசி இருபது நிமிடமாவது யாருக்குப் பதிலாவது இறக்கலாம். கோல்கீப்பருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. இருப்பது ஒரே இடம். இரவு ஆம்னி பஸ்ஸில் மாற்று ஓட்டுநர் ஒருவர் கூடவே வருவாரே, அவருக்குக்கூடப் பாதி வழியில் முறை வந்துவிடும். மாற்று கோல்கீப்பருக்குப் பருவம் முழுக்கக் காத்திருந்தாலும் வராமல் போகலாம். வந்தால், முதலாமவருக்கு அடிபட்டிருக்க வேண்டும், அல்லது அவர் தவறு செய்திருக்க வேண்டும். இன்னொருவருடைய கெட்ட நேரம்தான் தன் வாய்ப்பு என்ற நிலையில் வாழ்கிற ஆட்டக்காரர் மைதானத்தில் இவர் ஒருவர்தான். அந்த இடத்தை ஒருவர் எப்படிப் பெற்றார், எப்படி வைத்திருந்தார், எப்படி விட்டார் என்ற மூன்று கேள்விகளில் அவருடைய வாழ்க்கை அடங்கிவிடும் என்பது என் கட்சி.

போர்ச்சுகலில் இந்த ஒற்றை இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் பத்ரீசியோவிடம் வர முடியும்.

போர்ட்டோ கிளப்பில் வளர்ந்தவர் விட்டோர் பாயியா. 1996-இல் பார்சலோனாவுக்குப் போய், அடுத்த ஆண்டே அங்கே ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையை வென்றவர். பயிற்சியாளர் மாறியதும் இடம் ரூட் ஹெஸ்ப் கைக்குப் போய்விட்டது. பாயியா போர்ட்டோவுக்கே திரும்பினார். 2004 மே 26 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் போர்ட்டோ மொனாக்கோவை 3–0 என்று வென்றபோது கோலில் நின்றவர் அவர். அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பர் என்று ஐரோப்பியக் கால்பந்து சங்கமே அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பதினேழே நாளில் சொந்த நாட்டில் தொடங்கிய யூரோ போட்டியின் அணியில் அவர் பெயர் இல்லை. பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரைக் கூப்பிடவேயில்லை. ரிக்கார்டோவைத்தான் நம்பினார்.

நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ரிக்கார்டோ பதில் சொன்ன விதம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். லிஸ்பன் லூஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி பெனால்ட்டிக்குப் போனது. டேரியஸ் வசெல் அடிக்க வந்தபோது ரிக்கார்டோ கையுறைகளைக் கழற்றி எறிந்தார். வெறுங்கையால் அந்தப் பந்தைத் தடுத்தார். அடுத்த பெனால்ட்டியைத் தானே எடுத்து அடித்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஆனால் அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில், கார்னரில் வந்த பந்துக்கு வெளியே வந்து, கிரீஸின் கரிஸ்டியாஸ் தலையால் முட்டி கோல் போட்டதைத் தடுக்க முடியாமல் நின்றவரும் அவர்தான். பத்து நாள் இடைவெளியில் அந்த இடம் ஒருவருக்குக் கொடுத்ததும் பறித்ததும் இது. 2006 உலகக் கோப்பையில் அதே இங்கிலாந்தின் மூன்று பெனால்ட்டிகளை ஒரே ஷூட்-அவுட்டில் தடுத்தார். உலகக் கோப்பையில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. தேதி ஜூலை 1. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த ரிக்கார்டோ ஆடிய கிளப் ஸ்போர்ட்டிங் லிஸ்பன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன் நம்முடைய பத்ரீசியோ.

1988 பிப்ரவரி 15 அன்று லெய்ரியாவை ஒட்டிய மாராஸெஸில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஸ்போர்ட்டிங்கின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். ஃபிகோவையும் ரொனால்டோவையும் உருவாக்கிய கிளப் அது. முதல் அணிக்காக அவர் முதல் லீக் ஆட்டம் ஆடியது 2006 நவம்பர் 19 அன்று, மடெய்ரா தீவில், மாரிட்டிமோ அணிக்கு எதிராக. வயது பதினெட்டு. அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்ட்டியைத் தடுத்தார். ஸ்போர்ட்டிங் 1–0 என்று வென்றது. அடுத்த வாரம் மறுபடியும் பெஞ்ச். அந்தப் பருவத்தில் லீக்கில் அவருக்குக் கிடைத்தது அந்த ஓர் ஆட்டம்தான். வேறு இடத்தில் ஆடுகிற பதினெட்டு வயதுப் பையன் முதல் ஆட்டத்திலேயே இப்படி ஜெயித்துக் கொடுத்திருந்தால் அடுத்த வாரம் வெளியே உட்கார வைத்திருப்பார்களா?

2007-இல் ரிக்கார்டோ ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்குப் போனார். இடம் நேராகப் பையனுக்கு வரவில்லை. செர்பியாவின் ஸ்டோய்கோவிச்சை வாங்கினார்கள். சில மாதங்களில் அவருக்கும் பயிற்சியாளர் பாவ்லோ பென்ட்டோவுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் பத்ரீசியோவுக்குக் கதவு திறந்தது. அந்த நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் அறிமுகம். கூடுதல் நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக் வலைக்குள் போய் ஸ்போர்ட்டிங் 1–2 என்று தோற்றது. அடித்தவர் ரொனால்டோ, அதே ஸ்போர்ட்டிங்கில் வளர்ந்தவர்.

இருபது வயதுக் கீப்பரைத் தொடர்ந்து ஆடவிடுவது என்றால் அவருடைய தவறுகளைக் கோல்களாக விலைகொடுத்து வாங்குவது என்று பொருள். முன்களத்தில் ஒருவர் ஐந்து வாய்ப்பை வீணாக்கி ஆறாவதைப் போட்டால் நாயகன். கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதைக் கைநழுவ விட்டால் மறுநாள் பத்திரிகையில் அந்த ஆறாவதின் படம் வரும். ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் தங்கள் கிளப்பில் வளர்ந்த பையனையே திட்டிய மாலைகள் அந்த ஆண்டுகளில் நிறைய. பென்ட்டோ அவரை மாற்றவில்லை. பத்ரீசியோவின் குணத்தில் அப்போது தெரிந்த ஒன்று கடைசிவரை இருந்தது. தவறு நடந்த அடுத்த நிமிடமும் அவர் முகம் அதே முகம்தான். கையைத் தூக்கிப் பாதுகாவலர்களைத் திட்டுகிற கீப்பர் அல்ல அவர். பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு அனுப்பிவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பிவிடுவார்.

நாட்டு அணியிலும் இதே வரிசைதான். 2008 யூரோவுக்கு அழைத்துப்போனார்கள். முதல் கீப்பர் ரிக்கார்டோ. கிம் என்ற இரண்டாமவருக்குப் பயிற்சியில் அடிபட்டதால் கடைசி நேரத்தில் நுனோ எஸ்பிரிட்டோ சாண்டோ வந்தார். மூன்றாவது பத்ரீசியோ, ஜெர்சி எண் 22. ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இந்த நுனோவையும் நினைவில் வையுங்கள். போர்ட்டோவில் பாயியாவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சாம்பியன்ஸ் லீக் பதக்கம் பெற்றவர் அவர். காத்திருப்பது என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2010 உலகக் கோப்பை அணியில் பத்ரீசியோ இல்லை. அங்கே கோலில் நின்ற எடுவார்டோ நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் விட்டார். அந்த ஒன்றும் ஸ்பெயினின் டேவிட் வியா போட்டது. அதோடு போர்ச்சுகல் வெளியேறியது. நான்கு ஆட்டத்தில் ஒரு கோல் விட்டவருக்கு இடம் பத்து ஆண்டு நிரந்தரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டு பென்ட்டோ நாட்டு அணியின் பயிற்சியாளராக வந்தார். நவம்பர் 17 அன்று உலக சாம்பியன் ஸ்பெயினை லிஸ்பனில் 4–0 என்று வென்ற ஆட்டத்தில், எடுவார்டோவுக்குப் பதிலாக இறங்கிப் பத்ரீசியோ முதல்முறையாக நாட்டுக்காக ஆடினார். 2012 யூரோவுக்குள் இடம் அவருடையதாகிவிட்டது. ஒரு சின்ன விவரம்: அந்தப் போட்டியில் ஜெர்சி எண் 1 எடுவார்டோவிடம் இருந்தது. பத்ரீசியோ 12 அணிந்து ஆடினார்.

அந்த வசந்தத்தில் ஸ்போர்ட்டிங் யூரோப்பா லீக்கில் மான்செஸ்டர் சிட்டியை வெளியேற்றியது. கடைசி நொடியில் எதிரணிக் கீப்பர் ஜோ ஹார்ட்டே ஓடிவந்து தலையால் முட்டிய பந்து நூலிழையில் வெளியே போனது. யூரோ அரையிறுதியில், டோனெட்ஸ்க் நகரில், ஸ்பெயினுக்கு எதிராக 120 நிமிடம் கோல் விழவில்லை. ஷூட்-அவுட்டில் முதலில் வந்த ஸாபி அலோன்ஸோவின் பந்தைப் பத்ரீசியோ தடுத்தார். ஒரு கீப்பர் இதற்கு மேல் என்ன செய்வது? அடுத்து வந்த போர்ச்சுகலின் மொட்டின்யோவின் பந்தை ஸ்பெயின் கீப்பர் கஸியாஸ் தடுத்தார். புருனோ ஆல்வெஸ் அடித்தது குறுக்குக் கம்பத்தில் மோதியது. போர்ச்சுகல் தோற்றது.

2014 அதைவிடக் கசப்பு. பிரேசிலின் சால்வடோரில் ஜெர்மனியிடம் 0–4. நான்காவது கோல் பத்ரீசியோ தட்டிவிட்ட பந்து நேராக முல்லரின் காலடியில் விழுந்ததால் வந்தது. காயமும் சேர்ந்துகொண்டது, அடுத்த ஆட்டத்தில் பெட்டோ நின்றார். இடம் போய்விட்டது என்றுதான் தோன்றியது. காயம் ஆறியதும் திரும்ப வந்து நின்றார்.

இப்போது 2016-க்கு வருகிறேன். பிரான்ஸில் நடந்த யூரோ. ஏழு ஆட்டமும் பத்ரீசியோ ஆடினார். குழு ஆட்டங்களில் மூன்றும் சமன். ஹங்கேரியிடம் மட்டும் மூன்று கோல் விட்டார்கள். நாக்-அவுட்டில் விஷயம் மாறியது. குரோவேஷியா, போலந்து, வேல்ஸ், பிரான்ஸ் ஆகிய நான்கு அணிகளிடமும் சேர்த்து போர்ச்சுகல் விட்டது ஒரே கோல். போலந்தின் லெவன்டோவ்ஸ்கி இரண்டாவது நிமிடத்திலேயே போட்டது அது. அந்த ஆட்டம் ஷூட்-அவுட்டுக்குப் போனது.

பெனால்ட்டி என்பது பதினோரு மீட்டர் தூரம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து அரை நொடிக்குள் கோட்டுக்கு வந்துவிடும். பார்த்துவிட்டுப் பாய்ந்தால் எட்டாது. முன்கூட்டியே பாய்ந்தால் அடிப்பவர் மறுபக்கம் தட்டிவிடுவார். அடிப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எங்கே சாய்கிறது என்பதைப் படித்து, பந்தை உதைக்கிற அந்தக் கணத்தில் கிளம்ப வேண்டும். நான்காவதாக வந்த பிளாஸ்சிகோவ்ஸ்கியின் பந்தைப் பத்ரீசியோ இடப்பக்கம் நீட்டிப் பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். அந்த ஷூட்-அவுட்டில் தவறியது அந்த ஒரு அடிதான். 5–3.

ஜூலை 10, பாரிஸ் புறநகரில் ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். பத்தாவது நிமிடத்தில் கிரீஸ்மான் தலையால் முட்டிய பந்து பின்னோக்கி வளைந்து கம்பத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நகர்ந்துகொண்டே எழும்பி விரல்நுனியால் மேலே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் ரொனால்டோ வெளியேறினார். அதன்பின் சிஸ்ஸோக்கோ, ஜிரூ, மறுபடி சிஸ்ஸோக்கோ. ஒவ்வொன்றையும் தடுத்தார். 92-ஆவது நிமிடத்தில் ஜின்யாக் அடித்த பந்து மட்டும் அவரைத் தாண்டியது. கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதிர்ஷ்டமும் வேண்டும் என்பதை எந்தக் கீப்பரும் மறுக்க மாட்டார். 109-ஆவது நிமிடத்தில் எடெர் தூரத்திலிருந்து அடித்தார். போர்ச்சுகல் முதல்முறையாகப் பெரிய கோப்பை ஒன்றை வென்றது. உலகம் எடெரை நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் 109-ஆவது நிமிடம் என்ற ஒன்று வருவதற்கு அதற்கு முந்தைய நூற்றெட்டு நிமிடமும் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்றுக் கீப்பர்களில் ஒருவர் எடுவார்டோ.

நாட்டுக்குக் கோப்பை வந்தது. கிளப்பில்? மூன்று போர்ச்சுகல் கோப்பை கிடைத்தது. லீக் பட்டம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 2015–16-இல் 86 புள்ளி எடுத்தும், 88 எடுத்த பென்ஃபிகாவுக்குப் பின்னால் இரண்டாவது. ஸ்போர்ட்டிங் 2002-க்குப் பிறகு மறுபடி லீக்கை வென்றது 2021-இல். பத்ரீசியோவின் 467 ஆட்டங்கள் முழுக்க அந்த வறட்சிக்குள் விழுந்தன.

அவர் அங்கிருந்து போன விதம் யாருக்கும் வரக்கூடாதது. 2018 மே 15 அன்று முகமூடி அணிந்த ஒரு கும்பல் அல்கொஷெட்டில் உள்ள பயிற்சி முகாமுக்குள் புகுந்து ஆட்டக்காரர்களை அடித்தது. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு பறிபோன கோபம். பாஸ் டோஸ்ட்டின் தலை உடைந்தது. தாக்கியவர்கள் அந்தக் கிளப்பின் ரசிகர்களே. ஐந்து நாளில் போர்ச்சுகல் கோப்பை இறுதி. அதிலும் பத்ரீசியோ நின்றார். ஆவெஸ் என்ற சிறிய அணியிடம் தோற்றார்கள். ஜூன் 1 அன்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். பதினெட்டு ஆண்டு உறவு. விசுவாசம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. வேலைசெய்யும் இடத்தில் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை முதலாளிக்கு இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் கிளப்புக்கு அது வெறுங்கையோடு முடியவில்லை: அவரைச் சேர்த்துக்கொண்ட இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப் பிறகு 1.8 கோடி யூரோவுக்கு ஸ்போர்ட்டிங்கோடு சமரசம் செய்துகொண்டது.

வுல்வ்ஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பெஞ்சில் இருந்த அதே நுனோ. அந்தக் கிளப்பில் பத்ரீசியோ செய்த ஒரு காரியத்துக்காகவே இந்த உரைக்கு ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அங்கே ஜெர்சி எண் 1 கார்ல் இகெமே என்ற கீப்பருடையது. 2017 ஜூலையில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஓராண்டு சிகிச்சைக்குப் பின் நோய் தணிந்தாலும் ஆட்டத்துக்குத் திரும்ப முடியவில்லை. 2018 ஜூலையில் ஓய்வை அறிவித்தார். ஐரோப்பிய சாம்பியனாக வந்து இறங்கிய பத்ரீசியோ அந்த 1-ஐ எடுத்துக்கொள்ளவில்லை. இடப்பக்க முன்கள ஆட்டக்காரர்கள் அணிகிற 11-ஐ எடுத்துக்கொண்டார். மூன்று பருவமும் அதே எண்தான். இடத்தில் நிற்பது வேறு, இன்னொருவர் விட்டுப்போன பெயரை எடுத்துக்கொள்வது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதே சமயம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. முந்தைய பருவம் முழுக்க நின்று வுல்வ்ஸைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்த ஜான் ரடி, பத்ரீசியோ வந்ததும் பெஞ்சுக்குப் போனார். இந்தத் தொழிலில் யாருடைய வருகையும் இன்னொருவருடைய இறக்கம்தான்.

வுல்வ்ஸ் தொடர்ந்து இரண்டு பருவம் ஏழாவது இடம் பிடித்தது. 2019-இல் போர்ட்டோவில் நேஷன்ஸ் லீக் முதல் கோப்பையையும் போர்ச்சுகல் அவரைக் கோலில் வைத்தே வென்றது. 2021 மார்ச்சில் லிவர்பூலுக்கு எதிராக, சொந்த அணியின் கேப்டன் கோடியின் முழங்கால் தலையில் இடித்து, கால்மணி நேரம் ஆட்டம் நின்று, ஸ்ட்ரெச்சரில் போனார். அந்தக் கோடையில் பயிற்சியாளர் மொரின்யோ அவரை இத்தாலியின் ரோமாவுக்கு அழைத்துக்கொண்டார். 2022 மே 25, அல்பேனியாவின் டிரானா நகரம், கான்ஃபரன்ஸ் லீக் இறுதி. ரோமா 1–0 என்று முன்னால் நிற்க, ஃபெயனோர்டின் மலாசியா தூரத்திலிருந்து அடித்த பந்தைப் பத்ரீசியோ விரலால் கம்பத்தின் மேல் தள்ளினார். பதினான்கு ஆண்டுக்குப் பின் ரோமாவுக்கு ஒரு கோப்பை. அடுத்த ஆண்டு புடாபெஸ்டில் யூரோப்பா லீக் இறுதியில் செவியாவிடம் ஷூட்-அவுட்டில் தோற்றார்கள்.

மூன்றாவது கேள்வி: எப்படி விட்டார்?

2021 நவம்பரில் லிஸ்பனில் செர்பியாவோடு சமன் செய்தாலே உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதி. தாடிச் அடித்த பந்து பத்ரீசியோவின் கையில் பட்டும் உள்ளே போனது. கடைசி நிமிடத்தில் மித்ரோவிச் இன்னொன்று போட்டார். 1–2. அடுத்த மார்ச்சில் துருக்கிக்கு எதிரான தகுதி ஆட்டத்தில் கோலில் நின்றவர் போர்ட்டோவின் டியோகோ கோஸ்டா. இருபத்திரண்டு வயது. கத்தார் உலகக் கோப்பையிலும் அவர்தான். ரோமாவில் 2024 தொடக்கத்தில் மொரின்யோ போய் டி ரோஸி வந்தார். சில வாரங்களில் இடம் மாற்றுக் கீப்பர் ஸ்விலாருடையது. ஃபெயனோர்டுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் ஸ்விலார் இரண்டைத் தடுத்தார். அதோடு பேச்சே முடிந்தது. எடுவார்டோவுக்கு நடந்தது பத்ரீசியோவுக்கும் நடந்தது.

இந்தக் கட்டத்தில் நாட்டு அணியை விட்டு விலகுகிறேன் என்று அறிக்கை விடுவதுதான் நட்சத்திரங்களின் வழக்கம். பத்ரீசியோ விலகவில்லை. 2022 உலகக் கோப்பைக்கும் 2024 யூரோவுக்கும் மாற்றுக் கீப்பராகப் போனார். 2024 ஜூனில் நாட்டுக்காகத் தன் 108-ஆவது ஆட்டத்தை ஆடினார். பாயியா 80, ரிக்கார்டோ 79. எண்ணிக்கையில் போர்ச்சுகலின் எந்தக் கீப்பரும் அவருக்குப் பக்கத்தில் இல்லை. அதன்பின் யூரோ. ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்லோவேனியாவோடு 0–0. கோஸ்டா மூன்று பெனால்ட்டியையும் தொடர்ந்து தடுத்தார். யூரோ ஷூட்-அவுட் ஒன்றில் மூன்றைத் தடுத்த முதல் கீப்பர். தேதி ஜூலை 1, ரிக்கார்டோவின் அதே தேதி, பதினெட்டு ஆண்டு கழித்து. அன்று கோஸ்டாவின் முதுகில் இருந்த எண் 22. எண் 1 அணிந்தவர் வெளியே பெஞ்சில் இருந்தார். அவர்தான் பத்ரீசியோ. பிறகு அட்டலாண்டாவில் ஒரு பருவம், 2025-இல் கிளப் உலகக் கோப்பைக்காக அல் ஐன் அணி. அட்டலாண்டாவில் அவர் முதலிடத்துக்காரர் அல்ல.

நண்பர்களே, கீப்பரின் வாழ்க்கையைத் தடுத்த பந்துகளால் அளப்பது எளிது. அந்தக் கணக்கில் பாரிஸ் ஒன்றே போதும், அவர் பெயர் நிற்கும். என் கணக்கு வேறு. ஸ்டோய்கோவிச், எடுவார்டோ, ரடி என்று அவருக்கு இடம்விட்டவர்கள் ஒரு பக்கம். கோஸ்டா, ஸ்விலார் என்று அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்த காலத்தில் அந்த இடம் தன் சொந்தச் சொத்து என்று அவர் நடந்துகொள்ளவே இல்லை. 11 என்ற எண்ணும், கடைசியில் பெஞ்சில் அணிந்த 1 என்ற எண்ணும் அதற்குச் சாட்சி. பாயியாவுக்கு இருந்த மேதைமையோ ரிக்கார்டோவிடம் இருந்த நாடகமோ அவரிடம் இல்லை என்று சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். வருவதையும் போவதையும் ஒரே முகத்தோடு ஏற்றதில் அவர்களைவிட இவர் ஒரு படி மேல்.

பின்வரிசை இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெரிய போட்டிக்கு அணிகளை அறிவிக்கும்போது, கோல்கீப்பர் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர் இருக்கும். முதல் பெயரோடு நிறுத்திவிடாமல் மூன்றாவதையும் படியுங்கள். 2008-இல் போர்ச்சுகல் பட்டியலின் மூன்றாவது பெயரை யாரும் படிக்கவில்லை. எட்டு ஆண்டு கழித்து ஐரோப்பாவை அவர்களுக்கு வென்று கொடுத்தவர்களில் அந்தப் பெயரும் ஒன்று.